லைன் ரெண்டுக்கு வாழ்க்கைப்பட்டவள்

மவுஸைத் தொடுவதற்கு முன் வலது உள்ளங்கையைக் கைக்குட்டையில் ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொள்கிறாள். வியர்த்திருக்கிறதோ இல்லையோ, துடைத்தாக வேண்டும். எப்போதோ ஒரு நாள் ஈரக்கையில் மவுஸ் வழுக்கி, மூன்றாம் லைனுக்குப் போக வேண்டிய ஆர்டர் முதல் லைனில் போய் விழுந்துவிட்டது. கீழே மெஷின் ஓட்டுகிறவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, யாருமே கேட்காத நீல மூடிகளை மலைமலையாக அடித்துக் குவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கைக்குட்டை மேசையிலேயே குடியிருக்கிறது. ஆர்டரைப் பிடித்து இழுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்வாள். சரியான இடத்தில் இறக்கி வைத்த பிறகுதான் விடுவாள். "கொஞ்சம் தள்ளிக்கோப்பா, பின்னாடி ஒருத்தர் அவசரமா வர்றாரு" என்று, பஸ்ஸில் இடம் கேட்பவள்போலத் திரையிடம் பேசுவதும் உண்டு.

மருந்துப் பாட்டில்களுக்கு மூடியும், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற முனையும் செய்கிற தொழிற்சாலை அது. எந்த மெஷினில் எந்த அச்சை ஏற்றுவது, எந்த நிறத்துக்குப் பின் எந்த நிறம், யார் சரக்கு முதலில் என்று திட்டம் போடுவது அவள் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள். திரையில் லைனுக்கு ஒரு வரிசை. இடமிருந்து வலமாக நாட்கள். ஒவ்வோர் ஆர்டரும் ஒரு வண்ணப் பட்டை. சொன்ன நாளுக்குள் முடியாது என்றால் பட்டையின் வால் சிவந்துவிடும். நாள் முழுக்க அந்தப் பட்டைகளை இழுப்பதும் நறுக்குவதும் ஒட்டுவதுமாக இருப்பதால் கீழே அவளுக்குப் பட்டையம்மா என்று பேர். "நமக்கெல்லாம் பட்டை போடுறவங்க" என்று யாராவது சொன்னால், அதில் நாமத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளத் தெரியாதவர் அந்த ஷெட்டில் கிடையாது. அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

மாடியில், படி முடிகிற இடத்தில், கண்ணாடி வைத்த சின்ன அறை. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் ஷெட் முழுவதும் தெரியும். இருந்தாலும் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கீழே ஒரு சுற்றுப் போய்வருவாள். எந்த மெஷினில் எண்ணெய் ஒழுகுகிறது, எந்த அச்சு முரண்டு பிடிக்கிறது, யார் முகம் தொங்கியிருக்கிறது எல்லாம் பார்த்துக்கொள்வாள். ஐந்தாம் லைன் மேல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போனதில் நின்ற லைன் அது. ஓட்டியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரையில் அதன் வரிசையை எடுத்துவிடச் சொல்லி மேனேஜர் பலமுறை சொல்லியாகிவிட்டது. "இருக்கட்டும் சார், அது பாட்டுக்கு இருக்கு" என்று அவளும் பலமுறை சொல்லிவிட்டாள்.

இவ்வளவு பேருக்கு நாள் குறித்துக் கொடுக்கிறவள், வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் அறியாதவள் ஆகிவிடுவாள். இன்றைக்கு என்ன சமைப்பது என்று கேட்டால், "என்னை எதுவும் கேக்காதீங்க. முடிவெடுக்கிற வேலையெல்லாம் ஆபீஸ்லயே தீந்துபோச்சு" என்பாள். துணி துவைக்கும்போது மட்டும் தொழில் தலைகாட்டும். வெள்ளை முதலில், அப்புறம் வெளிர் நிறங்கள், கறுப்பு கடைசியில். அந்த வரிசையில் யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள்.

வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறார். இரண்டாம் லைன் ஆபரேட்டர். பகல் ஷிஃப்ட் வாரங்களில் ஒரே வண்டியில் வருவார்கள். வாசலில் அவளை இறக்கிவிட்டு அவர் வண்டியை நிறுத்தப் போவார். ஆளுக்கொரு வழியாக உள்ளே போவார்கள். உள்ளே போய்விட்டால் அவளுக்கு அவர் "லைன் ரெண்டு". அவருக்கு அவள் "மேடம்". "மேடம், கறுப்பு மூடி எப்ப முடியணும்?" "லைன் ரெண்டு, மதியத்துக்குள்ள முடிங்க." காலையில் ஒரே தட்டிலிருந்து பிட்டுச் சாப்பிட்டவர்கள் பேசுகிற பேச்சா இது என்று புதிதாக வருகிறவர்கள் வாய்பிளப்பார்கள்.

இதற்குக் காரணம் ஒரு வார்த்தை. திட்டமிடும் வேலையை அவளிடம் கொடுத்த அன்று, நாலாம் லைன் ஆபரேட்டர் ஷெட் நடுவில் நின்று சொன்னார்: "இனிமே லைன் ரெண்டுக்கு என்னப்பா கவலை. மவுஸ் வீட்டுக்காரி கையிலல்ல இருக்கு." எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் புத்தி சொல்கிறவர் என்பதால் அவரை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னவர் மறுநாளே மறந்துவிட்டார். கேட்டவளுக்கு அது முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து, எவரும் விரும்பாத வேலை எதுவானாலும் இரண்டாம் லைனுக்குத்தான் போகும். மெஷினைக் கழுவிக் கழுவியே கை ஓய்ந்துபோகிற கறுப்பு நிறம். ஒட்டிக்கொண்டு வெளியே வராத அச்சு. சனி, ஞாயிறு அவசர ஆர்டர். மென்பொருள் இரண்டு மூன்று இடங்களைக் காட்டினால் அவள் கை தானாக இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். ஒருவரும் வாயைத் திறக்க முடியாது. அவரும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை, நாற்காலியில் உட்காரும் முன்பே போன் அடித்தது. விற்பனைப் பிரிவு அதிகாரி. எப்போதும் சிரித்துப் பேசுகிறவர், அன்று சிரிப்பில்லை.

"மேடம், கண் மருந்து கம்பெனி. அவங்க இருப்பு வெச்சிருந்த சொட்டு முனை மொத்தமும் ரிஜெக்ட் ஆயிடுச்சாம். திங்கக்கிழமை காலையில நம்ம லாரி அவங்க வாசல்ல நிக்கணும். இல்லைன்னா வேற இடம் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"சும்மா சொல்றாங்களா, நெசமா சொல்றாங்களா?"

"நெசமாத்தான். போன தடவையும் இப்படி ஒருத்தர் சொன்னாங்க. நாம சும்மான்னு நெனச்சோம்."

அவள் கண் தானாகக் கண்ணாடிக்கு வெளியே, தார்ப்பாய் போர்த்திய மெஷினுக்குப் போனது. ஷெட்டில் ஓடுகிற வேலையில் மூன்றில் ஒரு பங்கு கண் மருந்து கம்பெனியுடையது. அவர்கள் போனால் இன்னொரு தார்ப்பாய் வாங்க வேண்டும்.

"காலைக் கூட்டத்துல சொல்றேன்" என்று வைத்தாள்.

கையைத் துடைத்தாள். ஆர்டரை உள்ளே போட்டு, தானாக அடுக்கச் சொல்லி பொத்தானை அழுத்தினாள். திரையில் பட்டைகள் சீட்டுக்கட்டு கலைவதுபோல் கலைந்து நின்றன. சொட்டு முனை நாலாம் லைனில் போய் உட்கார்ந்திருந்தது. காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்த அச்சு இரண்டிலும் ஏறும், நாலிலும் ஏறும். நாலில் ஏற்கெனவே நிறமில்லாத பிளாஸ்டிக்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சை மாற்றினால் போதும். இரண்டில் ஓடுவது கறுப்பு. மெஷின் வயிற்றில் இருக்கிற கறுப்பு கடைசிப் பொட்டுவரை வெளியே வரும் வரைக்கும் கழுவ வேண்டும். அதற்கே ஒரு ஷிஃப்ட் பறந்துவிடும். நாலில் ஓட்டினால் ஞாயிறு மாலைக்குள் முடியும். எதில் ஓட்டினாலும் அந்த லைன்காரர்களுக்குச் சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை.

பெரியப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமை ரயில். வெளியூரில் இருக்கிற மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு வாரமாக ஷெட்டில் அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டிலும் அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வேலை இருந்தது. இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து ஆஸ்பத்திரியில் இருந்த மாமனாரை அன்றுதான் அனுப்புகிறார்கள். இரண்டு ஆண்கள் தாங்கிப் பிடித்தால்தான் வண்டியில் ஏற்ற முடியும். கொழுந்தன் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஒரு பக்கம் என்று பேச்சு. இந்த விஷயமும் ஷெட்டுக்குத் தெரியாததல்ல.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் வரிசையில் பட்டை பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதைத் தூக்கி இரண்டாம் வரிசையில் வைத்தாள்.

வால் சிவந்தது.

அடுத்த அரைமணி அவள் செய்ததை அவளே பிறகு நினைத்துப் பார்க்க விரும்பமாட்டாள். கறுப்பு ஆர்டரைப் பாதியில் நறுக்கிப் பார்த்தாள். சிவப்பு குறைந்தது, போகவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் நிற்காதபடி ஆள் மாற்றிப் பார்த்தாள். இன்னும் நகக்கண் அளவு இருந்தது. கடைசியில் கழுவுகிற நேரம் எழுதியிருந்த கட்டத்தைத் திறந்தாள். அதில் இருக்கிற எண்ணைக் கொஞ்சம் குறைத்தால் போதும். வால் பச்சையாகிவிடும். கறுப்புத் துகள் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கினாலும் தங்கலாம். கண்ணில் விடுகிற மருந்தின் முனையில் அது வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் விரல் எண் விசையின் மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"இந்த வாரமும் நாங்களா அக்கா?"

கதவருகே இரண்டாம் லைனில் பேக்கிங் செய்கிற பெண் நின்றிருந்தாள். முன்பு ஐந்தாம் லைனில் இருந்தவள். லைன் நின்றபோது எப்படியோ தப்பி இரண்டுக்கு வந்தவள். உற்பத்திச் சீட்டைக் கொடுக்க வந்தவளின் கண் திரையில் நின்றது. பட்டையின் நிறத்தைப் படிக்க இப்போது எல்லோருக்கும் தெரியும்.

"இன்னும் முடிவாகல" என்றாள் பட்டையம்மா.

"செவப்பா இருக்கு. ஆனாலும் எங்க லைன்லதான் இருக்கு." அந்தப் பெண் சீட்டை மேசையில் வைத்தாள். போகவில்லை. "நான் வீடு மாத்தணும்க்கா. ஞாயித்துக்கிழமைன்னு வண்டி சொல்லியிருக்கேன். இதோட மூணாவது தடவ. போன ரெண்டு தடவையும் அவசர ஆர்டர். பாத்திரமெல்லாம் அட்டப்பெட்டிக்குள்ள கெடக்கு. புள்ளைங்க காகிதத்துல வெச்சுத் தின்னுட்டு இருக்குதுங்க. வீட்டுக்காரம்மா தெனமும் வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொன்னா மட்டும்?" அவள் குரல் உயரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு நீங்க எந்தச் சலுகையும் தரமாட்டீங்கன்னு இந்த ஷெட்டுக்கே தெரியும்க்கா. உங்க நேர்மைய நான் குத்தம் சொல்லல. ஆனா அந்த லைன்ல அவரு மட்டுமா இருக்காரு? நாங்க நாலு பேரு இருக்கோம். நாங்க யாரும் உங்களக் கட்டிக்கலையே."

சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ என்று பயந்தவள்போல் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

பட்டையம்மா அந்தக் கட்டத்தை மூடினாள். கைக்குட்டையை எடுத்தாள்; இந்தத் தடவை நிஜமாகவே வியர்த்திருந்தது. பட்டையைத் தூக்கி நாலாம் வரிசையில் திரும்ப வைத்துவிட்டு, கூட்டத்துக்கு மணி அடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலைக் கூட்டம் ஷெட் கோடியில், பெரிய டிவிக்கு முன்னால், நின்றபடியே நடக்கும். மேனேஜர், சூப்பர்வைசர், ஒவ்வொரு லைனின் ஆபரேட்டர், ஓரமாக விற்பனை அதிகாரி. அவள் விஷயத்தைச் சொன்னாள். டிவியில் திட்டம் வந்தது. நாலாம் வரிசையில் சனியையும் ஞாயிறையும் மூடிக்கொண்டு புதிய பட்டை படுத்திருந்தது.

பெரியப்பா கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார்.

"அவசர ஆர்டர்னா எப்பவும் ரெண்டுலதானே போகும்?" என்றார். "இந்தச் சனிக்கிழமை மட்டும் என்ன விசேஷம்? யார் வீட்ல?"

யாரோ தொண்டையைச் செருமினார்கள். வீட்டுக்காரர் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லதான்" என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "மாமனார ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்றோம். அதுக்காகத்தான் மாத்திட்டேன்னு தோணுச்சுன்னா தோணட்டும். நாலுல போட்டா ஞாயித்துக்கிழமை முடியும். ரெண்டுல போட்டா முடியாது. நானே போட்டுப் பாத்துட்டேன். முடியாது."

"மேடம்." வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். கூட்டத்தில் கேட்காமல் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "ஆர்டர் நாலுலயே ஓடட்டும். பெரியப்பா பேத்தியப் பாக்கப் போகட்டும். அவருக்குப் பதிலா நான் நின்னு ஓட்டறேன். அந்த மெஷின் எனக்கும் தெரியும்."

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லதாப் போச்சு. பிரச்சினை தீந்துச்சு."

"தீரல சார்" என்றாள். "இவரு மூணு வாரமா ஒரு நாள்கூட லீவு எடுக்கல. இன்னும் ரெண்டு நாள் மெஷின் முன்னாடி நிறுத்தினா, ஆள் பேரு போடும்போது சிஸ்டம் ஒத்துக்காது. காலையில ரெண்டுல போட்டுப் பாத்தப்போ நானே இத யோசிக்கல."

"அத ஒரு தடவ தட்டி விட்டுடலாமே. உங்களால முடியாதா?"

"முடியும் சார். ஒரு தட்டுதான். நான் பண்ணமாட்டேன். இவர்னு இல்ல, வேற யாரா இருந்தாலும் பண்ணமாட்டேன்."

"வேற யாரா இருந்தாலும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதையே மெல்லத் திருப்பிச் சொன்னது. ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது. அவள் காது மடல்கள் சிவந்தன. திரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் அவளைப் பார்த்தார், விற்பனை அதிகாரியைப் பார்த்தார், பிறகு "சரி, நாலு" என்றார். கூட்டம் கலைந்தது.

பெரியப்பா கலையவில்லை. பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "டிக்கெட் எடுத்துட்டேம்மா. இன்னும் அந்தப் புள்ள முகத்த போன்லதான் பாத்திருக்கேன்."

"தெரியும் பெரியப்பா."

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியம் முழுவதும் மாற்று ஆபரேட்டர்களுக்குப் போன் போட்டாள். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இன்னொருவர் ஊரிலேயே இல்லை. மூன்றாமவர் போனை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் நாலாம் லைனுக்கே போய், "அடுத்த சனி, ஞாயிறு உங்க லைனுக்கு எதுவும் வராம பூட்டு போட்டு வெக்கிறேன்" என்றாள். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வாரத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம். ஒன் பூட்ட நீயே வெச்சுக்க" என்றார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கைகால் கழுவிய பிறகுதான் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"அத்தன பேர் முன்னாடி என்னை வேணாம்னு சொல்லிட்ட."

"உங்கள வேணாம்னு சொல்லல. உங்களுக்கு ஓய்வு வேணும்னு சொன்னேன்."

"இத்தன நாளா நான் ஓய்வு கேட்டேனா? கறுப்பு குடுத்த, வாங்கிட்டேன். ஒட்டற அச்சு குடுத்த, வாங்கிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

"ஏன் கேக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எவனாலயும் முடியாதது என்கிட்டதான் வருதுன்னு உள்ளுக்குள்ள ஒரு கெத்து இருந்துச்சு. பொய் சொல்வானேன்."

"எனக்கும் இருந்துச்சு" என்றாள். "நான் எவ்வளவு நியாயமானவள்னு எல்லாரும் பாக்கட்டும்னு. நம்ம ரெண்டு பேர் கெத்துக்கும் அந்தப் பேக்கிங் பொண்ணு புள்ளைங்க காகிதத்துல தின்னுட்டிருக்கு."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. விவரத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். பிறகு, "சொல்ற மாதிரி நான் இருந்ததில்ல போல" என்று தானே முடித்துக்கொண்டார். அன்று சாப்பாட்டுக்கு என்ன என்ற கேள்வியே எழவில்லை. காலையில் மிச்சமிருந்ததைச் சுடவைத்து இருவரும் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை மாமனார் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார வைத்தார்கள். பெரியவர் இரண்டு பேரையும் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்ததில், உடம்பு தேறிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்காரருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை வீட்டில் இருந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒழுகாத குழாயை இறுக்கினார். ஜன்னலோரம் போய் நின்றார். "நாலுல சூடு நிக்குதான்னு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்றார். "போடாதீங்க" என்றாள். அவளும் கணக்கற்ற தடவை போனைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமனாருக்கு மாத்திரை வாங்கிவரப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாத்திரையும் வாங்கினாள். வாங்கிய கையோடு தொழிற்சாலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அங்கே போய் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஷெட்டில் மற்ற லைன்களெல்லாம் இருட்டில் கிடந்தன. நாலாம் லைன் மேல் மட்டும் விளக்கு எரிந்தது. காலையில் அச்சில் ஒரு குழி அடைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்வதற்குள் நிறைய நேரம் போய்விட்டதாம். சூப்பர்வைசர் வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். இனி லாரி கிளம்பும் வரை மெஷின் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. பேக்கிங் செய்கிற இரண்டு பேரும் தலை நிமிராமல் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மெஷின் கதவருகே நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தார், மாத்திரைப் பையைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார்.

அவள் தள்ளி நின்றாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அசையவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்க பெரியப்பா."

"மக. வீடியோவுல வர்றா. புள்ள முழிச்சிருக்கும்." கண் மெஷினிலேயே இருந்தது. "நாலு தடவ கூப்புட்டுட்டா. இத விட்டுட்டு எங்க போறது? இந்தச் சத்தத்துல இங்க நின்னும் பேச முடியாது."

"நான் நிக்கிறேன்."

அவர் இப்போதுதான் முழுதாகத் திரும்பினார். "ஒனக்கு இதப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. எதைப் பாக்கணும்னு சொல்லுங்க. பாத்துட்டு நிக்கிறேன்."

போன் நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது. பெரியப்பா ஒரு மூச்சு யோசித்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெஷின் ஓரத்தில் புடைத்துக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அச்சு தெறக்கும்போது எல்லாமே விழணும். ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னாலும் இத அமுக்கு. யோசிக்காத, என்னைக் கூப்பிடாத, அமுக்கு. மறுபடி மூடிக்கிச்சுன்னா அச்சு போச்சு, ஆர்டரும் போச்சு. வேற எங்கயும் பாக்காத."

"சரி."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளி வாசலுக்கு ஓடினார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை, அப்போதும் பார்க்கவில்லை. அச்சு திறந்தது. கண்ணாடித் துளிகள்போல முனைகள் உதிர்ந்தன. எல்லாம் விழுந்ததா? விழுந்தது. மூடியது. திறந்தது. விழுந்தது. அவள் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. கையிலிருந்த மாத்திரைப் பை எப்போது தரையில் விழுந்தது என்று தெரியவில்லை. வெளியே பெரியப்பா யாரோ செவிடரிடம் பேசுவதுபோல் கத்திக்கொண்டிருந்தார். "தாத்தா இங்க இருக்கேன் பாரு. இங்க, இங்க பாரு." இடையில் ஓர் அழுகைச் சத்தம், பிறகு அவர் சிரிப்பு.

"ஏம்மா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "இந்தா, இவளப் பாரு. கண்ணத் தெறந்துட்டா."

பெரியப்பா வாசலில் நின்று, போனை அவள் பக்கமாகத் திருப்பி, கை எட்டும் மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தார். அச்சு திறந்தது. அவள் திரும்பவில்லை. வலது கை பொத்தானின் மேல் இருக்க, விழுகிற முனைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி வாசல் பக்கமாக ஆட்டினாள்.